ஒரு கட்டை கீழே

ராஜபாளையம்
2 ஜனவரி 1988

அக்கா,

நேற்று நீ சாட்சி சொல்ல எழுந்து நின்றபோது நான் சொல்லாததை இந்தத் தாளில் எழுதுகிறேன். அனுப்புவேனா என்று தெரியாது.

புது வருஷ ஆராதனையில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் பாஸான பரீட்சை, கிடைத்த வேலை, பிறந்த பிள்ளை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நீ கழுத்திலிருந்து முந்தானையை எடுத்தாய். கட்டியை எல்லாரும் பார்த்தார்கள். மூன்று மாதமாக அப்பாவின் பாட்டில் மூன்றாம் சரணத்து மேல் ஸ்வரம் எட்டாமல் குரல் உடைந்ததைச் சொன்னாய். மதுரை டாக்டர் தைராய்டு கட்டி என்று பார்த்து, பன்னிரண்டாம் தேதி ஆபரேஷனுக்கு நாள் குறித்ததையும், குரல் நரம்புக்கு ஆபத்து வரலாம் என்று அவர் சொன்னதிலிருந்து நீ சரியாகத் தூங்காததையும் சொன்னாய். பிறகு கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை. முந்தின நாள் ஒத்திகைவரை எட்டாத அந்த ஸ்வரம் அன்று ஒரு கீறல் இல்லாமல் வந்தது. "கர்த்தர் எனக்கு அதைத் திருப்பிக் கொடுத்தார். இனி எனக்குக் கத்தி வேண்டாம்" என்று முடித்தாய். அம்மா அழுதாள். முன் பெஞ்சில் வீட்டு ஜெபம் நடத்துகிற பரிபூரணம் அம்மா இரண்டு கையையும் தூக்கினார்கள்.

நான் ஆர்கன் முன்னால் உட்கார்ந்து என் கால் மிதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, அந்த ஸ்வரம் திரும்பி வரவில்லை. அப்பா கட்டிய அந்தத் துதிப்பாட்டை, அதைப் பாட நீ இன்னும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறாயே, நாம் எப்போதும் ஐந்து கட்டையில் பாடுவோம். கேரல் அன்று நான் நாலு கட்டையில் ஆரம்பித்தேன். பாட்டு முழுவதும் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. நீ எட்டியது ஒத்திகையில் உடைந்த உயரம் அல்ல, அதற்குக் கீழே இருந்த உயரம். உன் காதுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று அதற்கு முந்தின கொயர் பாட்டையும் நாலிலேயே வாசித்து முடித்தேன். உன் காது அங்கேயே உட்கார்ந்துகொள்ளட்டும் என்று. வயலினில் எலியேசர் அண்ணன் மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விரலை மாற்றிக்கொண்டார்.

ஒத்திகையில் நீ மூன்று தடவை உடைந்துபோய், சிரித்து, இருமி, தண்ணீர் கேட்டாய். அதை ஊர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். நீ அதை வைத்து இப்படி ஒரு முடிவுக்கு வருவாய் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

ஆனால் நேற்று, போதகர் ஐயா உன்னை அந்தச் சரணத்தை மட்டும் பாடச் சொன்னாரே, அப்போது எனக்கு எல்லாம் தெரியும். விரல் ஐந்துக்குப் போய், நின்று, நாலுக்கு வந்தது. முதல் தடவை செய்தது இரக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் தடவை செய்ததற்கு என்னிடம் பெயர் இல்லை.

இன்பம்

(அனுப்பவில்லை)


ராஜபாளையம்
5 ஜனவரி 1988

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா. அத்தான், சின்னக்குட்டி எல்லாரும் சுகமா.

ஒன்றைக் கேட்கவே எழுதுகிறேன். பன்னிரண்டாம் தேதியை விட்டுவிடாதே. நூலகத்தில் ஒரு வைத்தியப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கட்டியோடு குரலும் கரகரத்தால் தள்ளிப்போடக் கூடாது என்று அதில் இருக்கிறது. கர்த்தர் சுகம் தந்திருந்தால் டாக்டரும் அதைப் பார்த்துச் சொல்லட்டுமே. பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்?

ஒரு நல்ல நாள் இரண்டு நல்ல நாள் வருவது உண்டு. அதை வைத்து முடிவு செய்யாதே. தயவுசெய்து போ. உன்னோடு நானும் வருகிறேன். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன்.

இன்பம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9 ஜனவரி 1988

அன்பின் இன்பத்துக்கு அக்கா எழுதுவது.

கடிதத்தைப் பள்ளிக்கூட விலாசத்துக்கு ஏன் எழுதினாய்? ஹெட்மிஸ்ட்ரஸ் கையில் கொடுத்துவிட்டு, "என்ன டீச்சர், ராஜபாளையத்துத் தங்கச்சி பஸ்ஸுல வர மாட்டாளா, தபால்லதான் வருவாளா?" என்று கேட்டார்கள். அரை மணி நேர பஸ் தூரம். தபால் அதைக் கடக்க இரண்டு நாள் ஆகிறது.

நான் மதுரைக்குப் போகப்போவதில்லை. லீவைத் திருப்பிக் கொடுத்துவிடு.

பரிபூரணம் அம்மா செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி இங்கேயே வந்துவிட்டார்கள். கழுத்தில் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். உன் அத்தான் நாளைத் தள்ளிப்போடக் கூடாது என்று வாதாடிப் பார்த்தார். அதற்கு அவர்கள் சொன்ன பதில்: "ஏய்யா சத்தியநேசா, கர்த்தர் தொட்ட எடத்த டாக்டரு எதுக்குத் தொடணும்? ஒங்க கோர்ட்டுல தீர்ப்பு சொன்ன பொறவு மறுபடியும் வாய்தா கேப்பியளோ?" கோர்ட்டு குமாஸ்தாவையே வாயடைத்துவிட்டார்கள். மூன்று நாளாக அத்தான் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் காப்பி டம்ளரை மட்டும் நீட்டுகிறார்.

கட்டி சிறுத்திருக்கிறது. கண்ணாடியில் எனக்குத் தெரிகிறது. முந்தானையைக் கழுத்தில் சுற்றுவதை விட்டுவிட்டேன். மடவார் வளாகத்துக் கோயில் பக்கம் மார்கழி மைக் எழுப்பிவிடுமே, இப்போது அதற்கு முன்பே எழுந்து குரல் பழகுகிறேன். தாழ்வாகத்தான். மேல் ஸ்வரத்தை வீட்டில் போட்டுத் தேய்க்காமல் வைத்திருக்கிறேன்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? நீ நன்றாக வாசிக்கிறாய். அப்பாவைவிடச் சுத்தமாக என்றுகூடச் சொல்கிறார்கள். ஆனால் நான் சாட்சி சொன்னபோது திரும்பிப் பார்த்தேன். அத்தனை முகத்தில் உன் முகம் மட்டும் ஆணி விழுங்கியது போல இருந்தது. ஒரு ஸ்தோத்திரம் சொல்ல உன் வாய்க்கு என்ன வலி? நீ நிறையப் புத்தகம் வாசிக்கிறாய். எல்லாவற்றையும் புத்தகத்தில் தேடாதே.

தங்கபாய்


ராஜபாளையம்
20 ஜனவரி 1988

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ சின்னக்குட்டிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாய். தண்ணீர் குடித்துப் புரையேறி, கண்ணில் நீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாய். கட்டி சிறுக்கவில்லை அக்கா. நான் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தான் உள்ளே வந்தார். நான் பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அம்மாவுக்குப் பால்கோவா பிடிக்காது என்று உனக்குத் தெரியும். எதற்கு வாங்கினேன் என்று வழி முழுவதும் யோசித்தேன்.

நேற்று ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பிறகு எலியேசர் அண்ணன் வில்லின் மயிரைத் தளர்த்திக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ஏம்மா, கேரல் அன்னைக்கு நாலுல எடுத்த. சரி. புது வருசத்தன்னைக்கும் நாலுல எடுத்த."

"அண்ணே, யார்ட்டயும் சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? ஆர்கன்காரி எங்க போறாளோ வயலின்காரன் பின்னால போவான். அதான தொழில். ஆனா ஒங்க அக்கா மதுரைக்குப் போகலைன்னு கேள்விப்பட்டேன்." பெட்டியை மூடினார். "அந்த வழியில நான் எப்படிம்மா ஒன் பின்னால வர?"

மில்லில் ஃபிட்டர் வேலை செய்கிற மனிதர். சத்தமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர் போன பிறகு நான் ஆலயத்துக் கதவைப் பூட்ட மறந்துபோய், பாதி வழியில் திரும்பி வந்தேன்.

இத்துடன் ஜனவரி இரண்டாம் தேதி எழுதி அனுப்பாத கடிதத்தை வைக்கிறேன். அதை வாசி. வாசித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் மதுரைக்குப் போ.

இன்பம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25 ஜனவரி 1988

இன்பம்,

இரண்டு கடிதத்தையும் வாசித்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று வாசித்தேன்.

நீ சொல்வதை நான் நம்பவில்லை. பத்து வயதிலிருந்து அந்தப் பாட்டைப் பாடுகிறேன். ஒரு கட்டை இறங்கினால் எனக்குத் தெரியாதா? என்னை மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்று நீயும் அத்தானும் பேசிவைத்துக்கொண்டு எழுதியது இது. அல்லது எனக்குக் கிடைத்தது உனக்குக் கிடைக்கவில்லை என்ற வயிற்றெரிச்சல். எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்.

எனக்கு எழுதாதே. இங்கே வராதே. அம்மாவைப் பார்க்க நான் வரும்போது நீ வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து வருவேன்.

தங்கபாய்


ராஜபாளையம்
22 பிப்ரவரி 1988

அக்கா,

எழுதாதே என்றாய். ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன்.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. நீ வியாழக்கிழமை வந்துவிட்டுப் போனதை அவளே சொன்னாள். "என்னட்டி, ஒங்க அக்கா தொண்டை ஆம்பள தொண்டை மாதிரி ஆயிட்டு. சளின்னா இம்புட்டு நாளா இருக்கும்? இட்லி ஒண்ணத் தின்ன மூணு தடவ தண்ணி குடிக்கா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியில் நாள் முழுவதும் பேண்டேஜ் துணிக்கு பில் டைப் அடிக்கிறேன். எத்தனை கட்டு, எந்த ஊர் ஆஸ்பத்திரி. மதுரை என்று வரும்போதெல்லாம் விரல் தப்புகிறது. கணக்கப்பிள்ளை ஆவுடையப்பன் சனிக்கிழமை ஒரு தாளைத் திருப்பிக் கொடுத்து, "ஏம்மா, ஆர்கன் வாசிக்கிற வெரலா இது?" என்றார்.

என் முகத்தில் ஸ்தோத்திரம் வருவதில்லை என்று எழுதியிருந்தாய். உண்மைதான். முழங்காலில் நின்றால் எனக்கு வார்த்தை வராது. கட்டைகளில் கை வைத்து, பாட்டு தொடங்குவதற்கு முன்னால் காற்று நிறைகிறதே, அந்த நேரத்தில் மட்டும் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் சரியாக வாசிக்க வேண்டும் என்று பயப்படுகிறேன். "பாடுறவுக விழுந்தா அது வாசிக்கிறவுக தப்பு" என்று அப்பா சொல்வார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். யாரை எப்போது விழவிடலாம் என்பதை அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் கேட்டதில்லை.

நீ என்னை நம்ப வேண்டாம். உங்கள் ஊர் ஆலயத்தில் ஆர்மோனியம் இருக்கிறது. யாரும் இல்லாத நேரத்தில் போ. வெள்ளைக் கட்டைகளில் ஐந்தாவதை அழுத்து. அதிலிருந்து மூன்றாம் சரணத்தைப் பாடு. ஆர்மோனியத்துக்கு உன்மேல் இரக்கமும் கிடையாது, வயிற்றெரிச்சலும் கிடையாது.

இன்பம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
8 மார்ச் 1988

இன்பம்,

போனேன். சனிக்கிழமை மத்தியானம். உபதேசியாரிடம் சாவி வாங்கும்போது பூ அலங்காரம் பார்க்க என்று பொய் சொன்னேன். ஈஸ்டருக்கு முந்தின தவசு நாளில் ஆலயத்தில் பூ வைக்க மாட்டார்கள் என்பதே அப்போது ஞாபகம் இல்லை. அவரும் கேட்கவில்லை.

ஐந்தை அழுத்திப் பாடினேன். உடைந்தது. அந்த இடம் வருவதற்கு முன்பே உடைந்தது. பிறகு நாலை அழுத்தினேன். கிறிஸ்துமஸில் எட்டியது இப்போது நாலிலும் எட்டவில்லை. பிறகு மூன்றை அழுத்தினேன். அதிலும் காற்றுதான் வந்தது. நான் ஆர்மோனியத்தை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. இரண்டு மாதமாக நான் மேல் ஸ்வரத்தைப் பாடிப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேய்க்காமல் வைத்திருக்கிறேன் என்று உனக்கு எழுதினேனே. நம்பிக்கை இருப்பவள் பாடிப் பார்த்திருப்பாள்.

அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "எங்க கோர்ட்டுல பிறழ் சாட்சின்னு ஒண்ணு உண்டு தங்கம். மொதல்ல சொன்னத மாத்திச் சொல்லுத சாட்சி. அவியளுக்கு தண்டன உண்டு, ஆனா ஒனக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு புருசன் உண்டு" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வந்தது.

திங்கட்கிழமை மதுரைக்குப் போனோம். டாக்டர் பேசச் சொல்லிக் கேட்டார், பிறகு கண்ணாடி வைத்துத் தொண்டையைப் பார்த்தார். ஏன் ஜனவரியில் வரவில்லை என்று மட்டும் கேட்டார். பெட் கிடைக்கிற முதல் நாள் ஏப்ரல் ஏழு.

பரிபூரணம் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "அந்தப் பிள்ளை வெரல எறக்குனதும் கர்த்தர்தாம்மா" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். என்னால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு கட்டை இறக்கிக் கொடுத்து ஏமாற்றுகிறவரை நான் கும்பிட்டு வளரவில்லை.

இப்போது உனக்கு. உன் விசுவாசக் குறைவால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் கைத்திறமைதான் எனக்குக் கெடுதல் செய்தது. ஒரு மோசமான ஆர்கன்காரி ஐந்திலேயே வாசித்திருப்பாள். நான் கூட்டத்துக்கு முன்னால் உடைந்திருப்பேன். வெட்கப்பட்டு அழுதிருப்பேன். பன்னிரண்டாம் தேதி மதுரையில் இருந்திருப்பேன். என்னை விழவிட உனக்கு மனம் வரவில்லை. விழுந்தால் எழுந்திருப்பேன் என்றும் நீ நம்பவில்லை.

ஒன்று செய். ஈஸ்டர் ஆராதனையில் அந்தப் பாட்டு உண்டு. மூன்றாம் சரணத்தை நான் பாடுவேன். நீ ஐந்தில் வாசிக்க வேண்டும். இறக்கினால் நான் பாட்டை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவேன். இப்போது எனக்கு வித்தியாசம் தெரியும்.

தங்கபாய்


ராஜபாளையம்
15 மார்ச் 1988

அக்கா,

என்னால் முடியாது.

நீ எழுதியது ஒவ்வொன்றும் சரி. ஆனால் ஈஸ்டர் காலையில், புதுத்துணியோடு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில், நீ உடையப் போகிறாய் என்று தெரிந்துகொண்டே என் விரல் ஐந்தில் போய் நிற்க வேண்டும் என்கிறாய். எழுந்து நின்று சொல்லிவிடு. பாட வேண்டாம். அல்லது நான் எழுந்து நின்று, இறக்கியது நான்தான் என்று சொல்கிறேன். அம்மா முன்னால், போதகர் ஐயா முன்னால் சொல்கிறேன். ஆர்கனை விட்டுவிடச் சொன்னால் விட்டுவிடுகிறேன்.

தொண்டைக்கும் நல்லதல்ல. ஆபரேஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது எதற்கு அந்த உயரத்தை முட்ட வேண்டும்?

தூக்கத்தில் வாசிக்கிறேன் அக்கா. ஐந்தை அழுத்தினால் நாலு கேட்கிறது.

இன்பம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
19 மார்ச் 1988

இன்பம்,

டாக்டரிடம் கேட்டுவிட்டேன். ஒரு சரணத்தால் கூடுதல் கெடுதல் இல்லை என்றார். உனக்கு அந்தச் சாக்கு வேண்டாம்.

வாயால் சொன்னதை வாயால் மாற்றலாம். நான் சொன்னது மட்டுமா? பாடிக் காட்டினேன். அந்தச் சபையில் யாராவது ஒருத்தி மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு, தங்கபாய்க்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கும் என்று காத்திருந்தால்? பரிபூரணம் அம்மா வீட்டு ஜெபத்துக்கு வருகிற வெள்ளத்தாய் என்னிடம் கேட்டாள், "டீச்சர், ஒங்களுக்கு எம்புட்டு நாள்ள கரைஞ்சிச்சி?" என்று. அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?

நீ எழுந்து நின்று பேச வேண்டாம். உன் குற்றத்தைச் சொல்லி நீ லேசாகிக்கொள்வது இதில் பாதிகூட இல்லை. உனக்குத் தெரிந்த வேலையைச் செய். அதைச் சரியாகச் செய்.

தங்கபாய்


ராஜபாளையம்
4 ஏப்ரல் 1988

அக்கா,

நீ ஆர்கனுக்கு முதுகு காட்டி நின்றாய். நீ பார்க்காததை எழுதுகிறேன்.

பாட்டைத் தொடங்கும் முன் எலியேசர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கம்பியைச் சரிபார்த்தார். முதல் இரண்டு சரணத்தில் கொயர் ஏதோ வேறுபாட்டை உணர்ந்தது போலிருந்தது. டிசம்பரைவிட உயரமாக இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. மூன்றாம் சரணம் வந்தது. நீ மறுபடியும் சுற்றத் தொடங்கியிருந்த முந்தானையைக் கழுத்திலிருந்து எடுத்ததை நான் பக்கவாட்டில் பார்த்தேன்.

அந்த வரி மேலே ஏறும்போது என் வலது கை தானாக உன் ஸ்வரத்தை முந்திக்கொண்டு எடுக்கப் போனது. உன் குரல் விழுந்தால் ஆர்கன் அதை மூடிவிடும், கூட்டத்துக்குப் பாதிதான் தெரியும். இத்தனை வருஷப் பழக்கம். கையைத் தூக்கிவிட்டேன். அதே நேரத்தில் எலியேசர் அண்ணனும் வில்லைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார். நாங்கள் இதைப் பேசிவைத்துக்கொள்ளவில்லை. நீ உடைந்தபோது எந்த ஸ்வரமும் ஒலிக்கவில்லை. என் கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. துருத்திக்குள் காற்று போய் வருகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே உன் மூச்சு.

பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். யாரோ அவன் தலையில் குட்டினார்கள்.

அதற்குப் பிறகு நீ பேசியதை எல்லாரும் கேட்டார்கள். "கிறிஸ்துமஸுக்கு இந்தப் பாட்டு தாழ்வா வாசிக்கப்பட்டுது. அதுனால எட்டுச்சி. எனக்குச் சுகம் ஆகல. ஏழாந்தேதி எனக்கு ஆபரேஷன். ஜெபம் பண்ணிக்கோங்க. கட்டி உள்ளவங்க டாக்டரப் பாருங்க." வாசிக்கப்பட்டது என்றாய். யார் வாசித்தது என்று சொல்லவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், ஆர்கனில் உட்கார்ந்திருக்கிறவள் ஒருத்திதானே. ஆனால் நீ சொல்லவில்லை.

நாலாம் சரணத்துக்கு நான் கை வைக்கச் சற்று நேரமானது. போதகர் ஐயா தொண்டையைச் செருமினார். பாடி முடித்தோம்.

வெளியே பரிபூரணம் அம்மா உன்னைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்தேன். என்ன சொன்னார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "ஏட்டி, ஆஸ்பத்திரியில தொணைக்கு யாரு இருக்கா? ஒம் புருசன் ஆம்பள, அவன் என்னத்துக்கு ஆவான். நான் வாரேன். எனக்குத் தரையில படுக்கப் பழக்கம்" என்றார்களாம்.

நீ என்னோடு பேசாமல் பஸ் ஏறிவிட்டாய். நான் பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். கடைக்குப் பின்னால் நின்றேன்.

அம்மா வியாழக்கிழமை மதுரைக்கு வருகிறாள். நான் வரலாமா?

இன்பம்


மதுரை
16 ஏப்ரல் 1988

இன்பம்,

பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் இந்தத் தாள். பரிபூரணம் அம்மா தரையில் உட்கார்ந்து எனக்காக எல்லாரோடும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நர்ஸுக்கே அவர்களைப் பார்த்தால் பயம்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கு அனுப்பிய இடத்திலிருந்து பதில் வந்தது. கெட்ட கட்டிதான். முழுவதும் எடுத்தாயிற்று, உயிருக்கு இனிப் பயமில்லை என்கிறார் டாக்டர். மாத்திரை சாகும்வரை. வலது பக்கத்துக் குரல் நரம்பு கட்டியோடு ஒட்டியிருந்தது. அதையும் வெட்ட வேண்டியதாயிற்று. பேச்சு வரும், பாட்டு சந்தேகம்.

ஜனவரியில் வந்திருந்தால் நரம்பு தப்பியிருக்குமா என்று அத்தான் கேட்டார். டாக்டர் சொல்ல முடியாது என்றார். தப்பியிருக்கலாம், ஒட்டியும் இருந்திருக்கலாம். நீ இதைக் கேட்பாய், கேட்காமலே இருந்து உன்னைத் தின்றுகொண்டும் இருப்பாய் என்று தெரியும். அதனால் நானே எழுதிவிடுகிறேன். எனக்கும் தெரியாது. பன்னிரண்டாம் தேதியை விட்டது நீ அல்ல, நான். அதையும் எழுதிவைக்கிறேன்.

என் கோபம் போகவில்லை. போகும்போது போகும். ஆனால் ஈஸ்டர் அன்று நீ கையைத் தூக்கியது எனக்கு முதுகிலேயே தெரிந்தது. ஆர்கன் இல்லாத அந்த இடத்தில் நான் தனியாக நின்றேன். அப்படி நிற்பதற்குத்தான் உன்னைக் கேட்டேன்.

காலையில் கட்டு மாற்றினார்கள். நர்ஸ் பிரித்த பொட்டலத்தில் ராஜபாளையம் என்று அச்சடித்திருந்தது. நீ பில் அடித்ததோ என்னவோ.

வந்து பார். பால்கோவா கொண்டுவராதே. ஏற்கெனவே ஊர் முழுவதும் கொண்டுவந்து, நான் விழுங்க முடியாமல் பார்க்க, பரிபூரணம் அம்மா தின்கிறார்கள்.

தங்கபாய்


இவ்வளவுதான் கடிதங்கள். கடைசிக் கடிதம் கைக்கு வந்த மறுநாள் நான் மதுரைக்குப் போனேன், அதற்குப் பிறகு நாங்கள் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அக்காவுக்கு ஜூன் மாதம் பேச்சு திரும்பியது. தாழ்ந்த, கரகரத்த குரல். பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வெள்ளத்தாய் அந்த ஆண்டே மதுரைக்குப் போய்க் காட்டினாள். அவளுடையது சாதாரணக் கட்டி.

டிசம்பர் கேரல் ஆராதனையில் அப்பாவின் பாட்டை ஐந்து கட்டையில் வாசித்தேன். மூன்றாம் சரணத்தைத் தனியாகப் பாட யாரும் முன்வரவில்லை. இரண்டிலிருந்து நாலுக்குப் போனோம். அக்கா பெண்கள் வரிசைக்கு வரவில்லை. ஆண்களின் பின்வரிசையில், அபஸ்வரமாகப் பாடுகிற அத்தானுக்குப் பக்கத்தில் நின்று, அவர்களுடைய கீழ்க்குரலைப் பாடினாள்.